இடது பக்கத்து ஸ்டிக்கர்

பெருங்களத்தூர்
4 செப்டம்பர் 2025

ஜெரூஷா அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதற்காக இதை எழுதவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் பாட்டுக்கு என் பிள்ளைகளையும் அம்மாவின் மூட்டுவலியையும் விசாரித்து இரண்டு பக்கம் எழுதி, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் முடித்துவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

நான்காவது ஸ்டேஷனில் இருக்கிறவருக்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்புகிறாளே, இவளுக்கு என்ன பைத்தியமா என்று தோன்றும். என் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார். "ட்ரெய்ன் ஏறினா அரை மணி நேரம். நேரா போய்க் கேட்டுட்டு வந்துடேன், இன்னாத்துக்கு லெட்டரு?" என்றார் தீனா. நேரில் வந்தால் நீங்கள் கண்ணைத் துடைப்பீர்கள், நான் இளகிவிடுவேன். வாட்ஸ்அப்பில் கேட்டால் பதில் போட்டுவிட்டு அழித்துவிடலாம். எனக்குத் தாளில் வேண்டும், கீழே உங்கள் கையெழுத்தோடு.

விஷயம் இதுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் எங்கள் மாடி போர்ஷனில் குடியிருந்தீர்கள். குரோம்பேட்டையில் டாக்டர் ஸ்ரீரங்கனிடம் தியேட்டர் நர்ஸ். நான் இரண்டு பிள்ளைக்கும் பால் கொடுத்து, பதினாறு கிலோ இளைத்து, மார்பு இரண்டும் காலிப் பை மாதிரி தொங்கிப்போய், கண்ணாடி முன்னால் நின்று அழுதுகொண்டிருந்த காலம். நீங்கள்தான் அவரிடம் அழைத்துக்கொண்டு போனீர்கள். இரண்டு பக்கமும் சிலிக்கான் இம்ப்ளான்ட் வைத்து, தொங்கின தோலையும் எடுத்துத் தூக்கித் தைத்தார்கள். ஊருக்கு ஹெர்னியா என்று சொன்னோம்.

இப்போது இடது பக்கம் கல்லாகிவிட்டது. ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை, அப்படி வலிக்கிறது. வலது பக்கம் மறுபடி இறங்கிவிட்டது. தாம்பரத்தில் டாக்டர் ருக்ஸானா என்று ஒருவரைப் பார்த்தேன். இம்ப்ளான்ட்டைச் சுற்றி உடம்பே ஓர் உறை கட்டுமாம், இடது பக்கத்தில் அந்த உறைதான் இறுகிவிட்டதாம். பழசை எடுத்து, உறையையும் எடுத்து, சின்னதாகப் புதுசு வைத்து, அதோடு மறுபடி தூக்கித் தைக்க வேண்டும் என்கிறார். ஒரே தடவையில் செய்யலாமா என்று கேட்டேன். அதற்கு முன்னால் அவருக்கு ஒன்று தெரிய வேண்டுமாம்.

தூக்கித் தைக்கும்போது காம்பைத் தனியாக வெட்டி எடுத்து மேலே ஒட்டுவதில்லையாம். ஒரு பக்கம் சதையோடு விட்டு, அந்த வழியாக ரத்தம் வரும்படி வைத்துக்கொண்டுதான் மேலே நகர்த்துவார்களாம். போன தடவை அந்த வழியை மேலே விட்டார்களா, கீழே விட்டார்களா? வெளித் தழும்பைப் பார்த்தால் தெரியாதாம். தெரியாமல் இவர் அந்த வழியையே வெட்டிவிட்டால் காம்பு கறுத்துச் செத்துப்போகும். ஸ்ரீரங்கன் டாக்டர் செத்துப் பல வருஷம் ஆகிறது. கிளினிக் இருந்த இடத்தில் செல்போன் கடை. பைல் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. "தியேட்டருக்குள்ள யார் இருந்தாங்க?" என்று கேட்டார். உங்கள் பெயரைத்தான் சொன்னேன்.

மேலேயா, கீழேயா? இதற்குப் பதில் வேண்டும். இன்னொன்றும் கேட்கிறேன். ஆபரேஷன் முடிந்து மூன்றே மாதத்தில், அம்மாவிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு ஏன் போனீர்கள்?

தேவதர்ஷினி


பொத்தேரி
9 செப்டம்பர் 2025

அன்புள்ள தர்ஷினிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். நீ விசாரிக்காவிட்டாலும் சொல்கிறேன். உன் கடிதத்தை வார்டன் ரூமில் வைத்துப் படித்தேன். இந்த ஹாஸ்டலில் நூற்றுநாற்பது பெண்பிள்ளைகள். ஒருத்திக்குத் தண்ணீர் வரவில்லை, ஒருத்திக்குச் சாம்பாரில் உப்பு இல்லை. ஒரு கடிதத்தை நிம்மதியாகப் படிக்க விடுகிறார்களா?

உனக்கு வலி என்று படித்ததும் எனக்கு மனசு சரியில்லை. நீ கேட்டதற்குப் பதில்: இரண்டு பக்கமும் கீழேதான். ரத்தம் வரும் வழியைக் கீழே விட்டுத்தான் டாக்டர் செய்தார். நான் கூடவே நின்றேன், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தைரியமாக உன் டாக்டரிடம் சொல்.

வீட்டைக் காலி பண்ணியதற்கு ஒரு காரணமும் இல்லை. இந்த வேலை கிடைத்தது, தங்க இடமும் கொடுத்தார்கள், வந்துவிட்டேன். செல்லியம்மாள் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளாதது தப்புதான். அவர்களுக்கு என் ஸ்தோத்திரம் சொல். மூட்டுவலிக்கு எண்ணெய் போடுகிறார்களா?

உனக்காக ஜெபிக்கும் அக்கா,
ஜெரூஷா


பெருங்களத்தூர்
18 செப்டம்பர் 2025

ஜெரூஷா அக்காவுக்கு,

சொன்னபடியே மூட்டுவலியை விசாரித்துவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்தை டாக்டர் ருக்ஸானாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "பன்னெண்டு வருஷம் கழிச்சு இவ்ளோ கிளியரா எழுதுறாங்களே, நானே போன வாரம் பண்ணது மறந்துடுறேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் கடிதத்தை பைலில் வைத்துக்கொண்டு, கீழே என்று குறித்துக்கொண்டார். அப்புறம் எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

அன்றைக்கு டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு கார்டு கொடுத்தீர்களே, அதை நகைப்பெட்டிக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு இம்ப்ளான்ட் பெட்டியிலும் ஸ்டிக்கர் வரும், அதில் கம்பெனி, சைஸ், நம்பர் எல்லாம் இருக்கும், ஆயுசுக்கும் தொலைக்காதே என்று நீங்கள்தான் சொன்னீர்கள். வலது பக்கம் ஒரு ஸ்டிக்கர், இடது பக்கம் ஒரு ஸ்டிக்கர். ஒரே கம்பெனி. இரண்டும் 250 சிசி.

எம்ஆர்ஐ வந்துவிட்டது. வலது பக்கம் கார்டில் உள்ளபடியே இருக்கிறது. இடது பக்கம் அதைவிடப் பெரிசு. அந்த இம்ப்ளான்ட்டின் மேல்தோலும் வேறு மாதிரி. டாக்டர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த ஸ்டிக்கர்ல இருக்கறது உங்க உள்ள இல்லம்மா" என்றார்.

ஸ்டிக்கர் ஒட்டியது யார்? நீதானே! என் கண் எதிரில், கட்டிலில் உட்கார்ந்து, நகத்தால் ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்து ஒட்டினாய். என்ன வைத்தீர்கள் எனக்குள்ளே? கார்டில் பொய்யை ஒட்டினவள் கடிதத்தில் உண்மையை எழுதியிருப்பாள் என்று நான் எப்படி நம்புவது? என் உடம்பில் கத்தி வைப்பதே உன் வார்த்தையை நம்பித்தான்.

தேவதர்ஷினி


பொத்தேரி
23 செப்டம்பர் 2025

அன்புள்ள தர்ஷினி,

கோபப்படாதே. கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது, இருந்தாலும் பிரஷர் ஏறிவிட்டால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். உனக்கு இயற்கையிலேயே இடது பக்கம் கொஞ்சம் சின்னது. எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான். இரண்டும் சமமாக வரட்டும் என்று டாக்டர் இடது பக்கம் பெரிய சைஸ் வைத்தார். அது தெரிந்தால் நீ வருத்தப்படுவாய், நமக்குக் குறை இருக்கிறது என்று மனசில் போட்டுக் குழப்பிக்கொள்வாய் என்றுதான் இரண்டிலும் ஒரே சைஸ் ஸ்டிக்கர் ஒட்டினேன். அப்போது நீ எப்படி அழுதுகொண்டிருந்தாய் என்று உனக்கே தெரியும். நல்லதை நினைத்துத்தான் செய்தேன். கர்த்தர் அறிவார்.

மற்றபடி கீழே என்று நான் எழுதியது எழுதியதுதான். அதில் ஒரு சந்தேகமும் வேண்டாம்.

அக்கா


பெருங்களத்தூர்
29 செப்டம்பர் 2025

ஜெரூஷாவுக்கு,

பொய் சொன்னால் பொருந்தச் சொல்ல வேண்டும்.

இடது பக்கம் சின்னது என்று ஸ்ரீரங்கன் டாக்டரிடம் முதல் நாளே சொன்னது நான். நீ பக்கத்தில் நின்றுகொண்டு டேப் பிடித்தாய். "அவ்ளோ வித்தியாசம் இல்லம்மா, ஒரே சைஸ் போதும்" என்று அவர் சொன்னதற்கும் நீ தலையாட்டினாய். எனக்குத் தெரிந்த விஷயத்தை எனக்குத் தெரியாமல் மறைத்தாயாம். யாரிடம் விடுகிறாய் இந்தக் கதையை?

இன்னொன்று. சைஸ் மட்டும் வேறாக இருந்தால் போகிறது. கம்பெனியே வேறு என்கிறார் டாக்டர் ருக்ஸானா. முன்கூட்டியே யோசித்துச் செய்கிற எவரும் ஒரு பக்கம் ஒரு கம்பெனி, மறுபக்கம் இன்னொரு கம்பெனி வைக்கமாட்டார்களாம். சரி, பெரிய சைஸுக்குத் தனிப் பெட்டி இருந்திருக்கும், அதில் தனி ஸ்டிக்கரும் இருந்திருக்கும். அதை ஏன் ஒட்டவில்லை? நீ ஒட்டின 250 ஸ்டிக்கர் எந்தப் பெட்டியிலிருந்து வந்தது? அந்தப் பெட்டியில் இருந்த இம்ப்ளான்ட் எங்கே போயிற்று?

ஒரு வாரமாக எனக்கு ஒரே நினைப்புதான். என் இடது பக்கத்தில் இருப்பது வேறு யாராவது ஒருத்தி உடம்பிலிருந்து எடுத்ததா? குளிக்கும்போது அந்தப் பக்கம் சோப்புப் போடக்கூடக் கை கூசுகிறது. தீனாவிடம் சொன்னேன். "சும்மா எதையாவது நெனச்சிகினு கீறே" என்றார். ஆனால் அவர் முகமும் மாறிவிட்டது.

அக்டோபர் 30 என்று தேதி குறித்துவிட்டார்கள். பைலில் உன் முதல் கடிதம் இருக்கிறது. கீழே என்று எழுதி, கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அதை வைத்துத்தான் கோடு போடுவார்கள், அதன்படிதான் வெட்டுவார்கள். காம்பு போனால் எனக்குத்தான் போகும். உனக்கு ஒன்றும் போகாது.

இதற்கும் ஒரு கதை எழுதுவதானால் எழுதாதே.

தேவதர்ஷினி


பொத்தேரி
4 அக்டோபர் 2025

தர்ஷினி,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் உன் வலது பக்கம் செய்தோம். நான் டேபிளில் நின்றேன். காம்புக்கு ரத்தம் வரும் வழியைக் கீழே விட்டார். அது என் கண்ணால் பார்த்தது. இம்ப்ளான்ட் வைத்தார், தைத்தார். ஒரு சிக்கலும் இல்லை.

அப்புறம் இடது பக்கம். இம்ப்ளான்ட்டை உள்ளே தள்ளும்போது போகவில்லை. டாக்டர் கொஞ்சம் பலமாகத் தள்ளினார். இம்ப்ளான்ட்டின் மேல்தோல் கிழிந்துவிட்டது. கையெல்லாம் ஜெல். அதே சைஸ் இன்னொன்று ஸ்டாக் இல்லை. எப்போதும் ஒரு ஜோடி கூடுதலாக வரவழைத்து வைக்க வேண்டும். அன்றைக்கு வைக்கவில்லை. அதைச் சரிபார்க்க வேண்டியவள் நான்.

பல்லாவரத்தில் இன்னொரு ஆஸ்பத்திரியில் எனக்குத் தெரிந்த சிஸ்டர் இருந்தாள். போன் பண்ணினேன். அவர்களிடம் ஒன்று இருந்தது, வேறு கம்பெனி, 290. டாக்டர் எடுத்துக்கொண்டு வா என்றார். தியேட்டர் டிரஸ்ஸுக்கு மேலேயே துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். வழக்கமாக வரும் ஆட்டோக்கார ஜெயவேலு வாசலில் இருந்தார். "இன்னா சிஸ்டர், ஆரு உயிருக்குப் போராடிகினு கீறாங்க?" என்று கேட்டார். ஏறி உட்கார்ந்து பல்லாவரம் என்றேன். ஜிஎஸ்டி ரோட்டில் அன்றைக்கென்று அப்படி ஒரு டிராபிக். போய் வர ஐம்பது நிமிஷம். அந்த ஐம்பது நிமிஷமும் நீ மயக்கத்தில் மார்பு திறந்து கிடந்தாய்.

திரும்பி வந்து கை கழுவிக்கொண்டு உள்ளே போனால், இடது பக்கம் காம்பை மேலே நகர்த்துகிற தோல் வேலையெல்லாம் முடித்து வைத்திருந்தார். சும்மா நிற்க வேண்டாம் என்று செய்துவிட்டாராம். இம்ப்ளான்ட்டை வாங்கி வைத்துத் தைத்தார். அது சீல் உடைக்காத பெட்டி, தர்ஷினி. என் கையால்தான் உடைத்தேன். யாருடைய உடம்பிலிருந்தும் எடுத்தது இல்லை.

புதுப் பெட்டியின் ஸ்டிக்கரை டாக்டர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "கிழிஞ்சதோட ஸ்டிக்கரையே ஒட்டிடு, அந்தப் பொண்ணை எதுக்குப் பயமுறுத்தணும்?" என்றார். ஒட்டினேன். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் பாதி. கூடுதல் ஜோடி வரவழைக்காத என் தப்பு வெளியே வந்துவிடும் என்ற பயம் மீதி.

இப்போது முக்கியமானது. இடது பக்கம் அவர் தோல் வேலை செய்தபோது நான் பல்லாவரத்தில் இருந்தேன். மேலேயா கீழேயா என்று எனக்குத் தெரியாது. உள்ளே இருந்தது மயக்க டாக்டரும் சாமான் எடுத்துக்கொடுக்கும் ஆயாவும். ஒருவர் திரைக்கு அந்தப்புறம் இருப்பார், இன்னொருவருக்கு அது புரியாது. ஸ்ரீரங்கன் டாக்டர் எப்போதும் கீழேதான் விடுவார். அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் இரண்டு பக்கமும் கீழே என்று எழுதினேன். தெரியாது என்று எழுதினால் ஏன் தெரியாது, எங்கே போயிருந்தாய் என்று நீ கேட்பாய். எங்கே போனேன் என்று சொன்னால் ஸ்டிக்கர் வெளியே வரும்.

தெரியாது. உன் டாக்டரிடம் அப்படியே சொல். வலது பக்கம் கீழே, இடது பக்கம் தெரியாது. என் முதல் கடிதத்தை பைலிலிருந்து எடுத்துக் கிழித்துப் போடச் சொல்.

வீட்டைக் காலி பண்ணியதற்குக் காரணம் நீதான். மொட்டைமாடியில் துணி காயப்போட வரும்போதெல்லாம் மேல்சட்டையைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "பாருங்கக்கா, ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்குல்ல?" என்று கேட்பாய். ஆமாம் என்று சொல்லிச் சொல்லி என்னால் முடியவில்லை.

ஜெரூஷா


பெருங்களத்தூர்
13 அக்டோபர் 2025

ஜெரூஷா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று சமைக்கவில்லை. அம்மா மூன்று தடவை என்னடி என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். தீனா படித்துவிட்டுத் தாளை மடித்து என் கையில் கொடுத்தார்.

மறுநாளே டாக்டர் ருக்ஸானாவிடம் கொண்டுபோனேன். இரண்டு தடவை படித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "இதுதான்ம்மா எனக்கு வேணும். தெரியாதுன்னு தெரிஞ்சா நான் அதுக்கேத்த மாதிரி பண்ணுவேன். தப்பா தெரிஞ்சாதான் ஆபத்து" என்றார். திட்டத்தையே மாற்றிவிட்டார். ஒரே தடவையில் எல்லாம் கிடையாது. இப்போது பழசை எடுப்பது, உறையில் காம்புக்குப் பின்னால் இருப்பதைத் தொடாமல் மீதியை எடுப்பது, மேலேயும் கீழேயும் இரண்டு வழியையும் விட்டுவைத்துத் தோலை மட்டும் கொஞ்சம் இறுக்குவது, அவ்வளவுதான். ஆறு மாதம் ஆறவிட்டு, ரத்த ஓட்டம் நன்றாக இருந்தால் அப்புறம் புதுசு வைப்பதைப் பற்றிப் பேசலாமாம்.

ஆறு மாதம் நான் எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியும். பழைய காலிப் பையேதான். எதற்காக அழுதுகொண்டு உங்களோடு குரோம்பேட்டைக்கு வந்தேனோ, அங்கேயே திரும்பி வந்து நிற்கிறேன். நாற்பத்தொரு வயதில்.

நீங்கள் இந்தத் தடவை எழுதியதாவது உண்மையா? சீல் உடைக்காத பெட்டி என்கிறீர்கள். பல்லாவரத்து சிஸ்டரின் பெயரை எழுதவில்லையே, ஏன்? டாக்டர்மேல் பாதி, உங்கள்மேல் பாதி என்று பழியைப் பங்கு போட்டிருக்கிறீர்கள். செத்தவர் வந்து இல்லை என்று சொல்லமாட்டார் என்ற தைரியமா? ஒவ்வொரு வரியையும் பிடித்து இழுத்துப் பார்க்கிறேன். "தெரியாது" என்ற வார்த்தையை மட்டும் இழுக்க முடியவில்லை. அதை எழுதியதால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை, நஷ்டம்தான்.

தேவதர்ஷினி


பொத்தேரி
17 அக்டோபர் 2025

தர்ஷினி,

அவள் பெயர் கிறிஸ்டி. இப்போது உயிரோடு இல்லை. அதனால்தான் எழுதவில்லை. எழுதினால் சாட்சிக்குச் செத்தவர்களாகவே பார்த்துப் பிடிக்கிறாளே என்று நினைப்பாய். இப்போதும் அதைத்தான் நினைப்பாய்.

30ஆம் தேதி ஆஸ்பத்திரிக்கு வரட்டுமா? வராண்டாவில் உட்கார்ந்திருக்கிறேன். உன் எதிரில் வரமாட்டேன். தீபாவளிக் கூட்டமும் அதற்குள் குறைந்துவிடும்.

ஜெரூஷா


பெருங்களத்தூர்
21 அக்டோபர் 2025

வர வேண்டாம்.

தேவதர்ஷினி


பெருங்களத்தூர்
10 நவம்பர் 2025

அக்கா,

முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன். கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், எழுத்து கோணலாகத்தான் வரும்.

ஆபரேஷன் நடந்து பதினோரு நாள் ஆகிறது. இடது பக்கத்திலிருந்து எடுத்ததை ஒரு டப்பாவில் போட்டுக் காட்டினார்கள். வேறு கம்பெனிதான், 290 தான், நீங்கள் எழுதியபடியே. வைக்கும்போது புதுசாக இருந்ததா என்று இப்போது பார்த்துச் சொல்ல முடியாதாம். ஆக, அந்தச் சீல் விஷயத்தில் உங்கள் வாய்வார்த்தையைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் கிடையாது. சாகும்வரை கிடைக்கவும் கிடைக்காது. இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

டாக்டர் ருக்ஸானா மயக்கம் தெளிந்த மறுநாள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "உள்ளே போனா இடது பக்கம் கீழ பூரா பழைய வெட்டு. முதல்ல தள்ள முடியாம கிழிஞ்சதால, அடுத்ததை வைக்க கீழ்ப்பக்கத்தை அவர் முழுசா திறந்திருக்கார் போல. ரத்தம் மேல இருந்து மட்டும்தான் வந்துகிட்டு இருக்கு. கீழன்னு நம்பி நான் மேல கத்தி வெச்சிருந்தா அன்னைக்கே காம்பு போயிருக்கும்" என்றார். இரண்டு வழியையும் விட்டுவைத்ததால் தப்பித்ததாம்.

அவர் போன பிறகு உங்கள் முதல் கடிதம்தான் நினைவுக்கு வந்தது. "நன்றாக ஞாபகம் இருக்கிறது, தைரியமாகச் சொல்" என்று எவ்வளவு அழகாக எழுதியிருந்தீர்கள் அக்கா! நான் எம்ஆர்ஐ எடுக்காமல் இருந்திருந்தால்? இரண்டாவது கதையை நம்பியிருந்தால்? உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. எழுதினால் அது பொய்.

காம்பு தப்பித்தது என்று அவர் சொன்னது அன்றைக்கு. இருபது நாள் போனால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியுமாம். இரண்டு நாளாக இடது பக்கம் ஓரத்தில் நிறம் மாறுகிற மாதிரி எனக்குத் தோன்றுகிறது. குனிந்து பார்த்தால் சரியாகத் தெரியவில்லை, கண்ணாடி முன்னால் போகப் பயமாக இருக்கிறது. போனில் டாக்டரிடம் கேட்டால் எல்லாம் நார்மல் என்கிறார். தீனா கட்டைப் பிரிக்கும் முன்னாலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நல்லா கீது, நல்லா கீது" என்கிறார். எல்லாரும் நல்லதையே சொல்கிறார்கள். அதனாலேயே ஒருவரையும் நம்ப முடியவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கட்டு மாற்ற வேண்டும். நீங்கள் வந்து மாற்றுங்கள். பழம், பிஸ்கட் ஒன்றும் வேண்டாம். அம்மா கேட்டால் என்ன சொல்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சிவப்பாக இருந்தால் சிவப்பு என்று சொல்லுங்கள். கறுத்திருந்தால் கறுத்திருக்கிறது என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் அழுதாலும் மாற்றிச் சொல்லக் கூடாது.

அதைச் சொல்ல இப்போதைக்கு உங்கள் ஒருவரால்தான் முடியும் என்று நினைக்கிறேன். தப்பாகவும் நினைத்திருக்கலாம்.

தர்ஷினி